நகத்தைக் கெடுப்பது பூச்சா, கழற்றும் விதமா?

கல்யாண மேக்கப்புக்கு முன்பணம் கொடுக்கும்போது, சேலை கட்டிவிடுவது, ஜடை அலங்காரம், மருதாணி ஆகியவற்றோடு நெயில் எக்ஸ்டென்ஷனும் இப்போது பட்டியலில் ஒரு வரியாக இருக்கிறது. ஒரு காலத்தில் பெருநகரத்துப் பெரிய பார்லர்களில் மட்டும் போட்டுக்கொண்ட ஜெல் நகத்தை இன்று சிறிய ஊர்களின் கடைத்தெருவிலும் போடுகிறார்கள். விளக்கோடு சேர்ந்த செட்டை ஆன்லைனில் வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்பவர்களும் பெருகிவிட்டார்கள். போட்டுக்கொள்ளப் போகிறவர்கள் வழக்கமாக மூன்று கேள்விகள் கேட்கிறார்கள்: என்ன நிறம், எவ்வளவு நீளம், எத்தனை நாள் நிற்கும். எப்படிக் கழற்றுவீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. நகங்களைப் பற்றித் தோல் மருத்துவர்கள் எழுதிவருவதைப் படிக்கும்போது, முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்று படுகிறது. பூச்சால் கெடும் நகங்களைவிட, பூச்சுக்கு முன் அராவியும் பின்பு உரித்தும் கெடுக்கப்படும் நகங்கள் அதிகம். இதோடு இன்னொரு ஆபத்தும் உண்டு. அது, நம்மூரில் அதிகம் பேசப்படாத ஒவ்வாமை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நாம் வெட்டி எறியும் நகம் உயிரற்றது. முடியில் இருக்கும் கெரட்டின்தான் இதிலும் அடுக்கடுக்காக இறுகியிருக்கிறது. கைவிரல் நகத்தின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். உயிருள்ள பகுதி, அடியோரத்தில் தோலுக்குள் மறைந்திருக்கும் நக வேர். கட்டைவிரலில் வெள்ளைப் பிறையாகத் தெரிவது அதன் நுனிதான். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. முழு நகமும் புதிதாக வர ஆறு மாதம் ஆகும். கால் பெருவிரலுக்கு ஓர் ஆண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு வரை பிடிக்கும். மேல்தகட்டைத் தேய்த்து மெலிய வைத்துவிட்டால் எந்த எண்ணெயும் சீரமும் அதைத் திரும்பத் தடிமனாக்காது. வளர்ந்து வெளியேறும் வரை காத்திருக்க வேண்டியதுதான். வேரில் அடிபட்டாலோ வாழ்நாள் முழுக்க நகம் கோணலாகவே வளரக்கூடும்.

நகம் மூச்சுவிட வேண்டும், அதனால் பாலிஷ் போடாமல் சில நாள் விட வேண்டும் என்று பார்லர்களில் சொல்வார்கள். நகத்துக்கு ஆக்ஸிஜன் ரத்தத்தின் வழியாகத்தான் வருகிறது, காற்றிலிருந்து வருவதில்லை. ஆனாலும் இடைவெளி நல்லதே. காய்ந்த நகத்துக்கு எண்ணெய் தடவவும், அடியில் நடப்பதைக் கண்ணால் பார்க்கவும் அந்த நாட்கள் உதவும்.

பூச்சுகளில் மிகச் சாதுவானது சாதாரண நெயில் பாலிஷ். நைட்ரோசெல்லுலோஸைக் கரைப்பானில் கரைத்து நிறம் சேர்த்தது அது. கரைப்பான் ஆவியாகிப்போக, மெல்லிய படலம் நிற்கிறது. டொலுயீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் என்னும் மூன்று பொருள்களும் இல்லை என்று இன்று பல பாட்டில்களில் எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்டதைப் பார்த்து வாங்கலாம். அடர் சிவப்பும் மெரூனும் நகத்தில் மஞ்சள் கறை விடும். அடியில் நிறமற்ற பேஸ் கோட் ஒன்று பூசினால் கறை குறையும். வாரக்கணக்கில் விடாமல் போட்டு எடுத்தால் நகத்தின் மேல் சுண்ணாம்பு அப்பியது போல வெள்ளைத் திட்டுகள் தோன்றும். பலர் அதைப் பூஞ்சைத் தொற்று என்று நினைத்து மருந்து தேடுகிறார்கள். பெரும்பாலும் அது மேலடுக்குக் கெரட்டின் உரிந்ததுதான். பாலிஷை நிறுத்தினால் நகம் வளர வளரப் போய்விடும். உடையும் நகத்துக்கென்று விற்கும் ஹார்டனர்களில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு உண்டு. முதலில் நகம் இறுகும். தொடர்ந்து போட்டால் வளையும் தன்மை போய், முன்பைவிட எளிதாக ஒடியும்.

மருதாணியை இந்த வரிசையில் சேர்க்காமல் விடுவது சரியாகாது. அதன் இலையிலுள்ள லாசோன் என்னும் பொருள் கெரட்டினோடு பிணைந்து நிறம் ஏற்றுகிறது. மேலே படலம் எதுவும் படிவதில்லை, கழற்றவும் வேண்டியதில்லை. நகத்தோடு வளர்ந்து வெளியேறிவிடும். தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது தண்ணீர் நகத்தில் பட வேண்டும் என்பதால் பாலிஷைத் தவிர்க்கும் இஸ்லாமியப் பெண்களுக்கு மருதாணி தடையில்லாத அழகாக இருப்பதும் இதனால்தான். அரைத்த இலையால் நகத்துக்குக் கெடுதல் அரிது. கடையில் கருப்பு மருதாணி என்று விற்கும் கோன்களைத் தொடாதீர்கள். அந்தக் கருப்பு பெரும்பாலும் பிபிடி என்னும் தலைச்சாயப் பொருளிலிருந்து வருவது. கொப்புளம் கிளப்பி ஆறாத தழும்பை விட்டுப் போகக்கூடியது.

இனி ஜெல். 2010 வாக்கில் பாட்டிலிலிருந்து பாலிஷ் போலவே பூசி விளக்கொளியில் இறுக வைக்கும் ஜெல் பாலிஷ் சந்தைக்கு வந்த பிறகு நகத் தொழிலே மாறிப்போனது. இது காய்வதில்லை, இறுகுகிறது. மெத்தாக்ரிலேட் என்னும் சிறு மூலக்கூறுகள் புற ஊதா ஒளி பட்டதும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிளாஸ்டிக்காகின்றன. இரண்டு மூன்று வாரம் பளபளப்பு குறையாமல் நிற்பது அதனால்தான். ரிமூவரைத் தொட்டுத் துடைத்தால் போகாததும் அதனால்தான். முறையாகக் கழற்ற வேண்டுமென்றால் மேல் பளபளப்பை மட்டும் லேசாக அராவி, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் வைத்து, அலுமினியத் தாளால் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். ஜெல் தானாக நெகிழ்ந்து மேலெழும்பும். மரக்குச்சியால் மெல்லத் தள்ளினால் வந்துவிடும். வராவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். கூட்டம் நிற்கும் பார்லரில் அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் பஞ்சம். உலோகக் கருவியால் சுரண்டுவார்கள், அல்லது டிரில் மிஷினை நேராக நகத்திலேயே ஓட்டுவார்கள். வீட்டிலோ, ஓரம் தூக்கிக்கொண்ட ஜெல்லைப் படம் பார்த்தபடியே விரலால் உரிப்பார்கள். உரியும் ஒவ்வொரு தகட்டோடும் இயற்கை நகத்தின் மேலடுக்கும் சேர்ந்தே வருகிறது. ஜெல் போட்டு என் நகம் காகிதமாகிவிட்டது என்று சொல்பவர்களிடம் எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

விளக்கைப் பற்றிய பயம் தனிக்கதை. 2023 ஜனவரியில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக சான் டியேகோ ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தட்டில் வளர்த்த மனித, எலி செல்களின் மேல் இந்த விளக்கை 20 நிமிடம் காட்டியபோது 20 முதல் 30 சதவீதச் செல்கள் இறந்தன. தொடர்ந்து மூன்று தடவை காட்டியபோது 65 முதல் 70 சதவீதம் இறந்தன. எஞ்சியவற்றின் டிஎன்ஏவிலும் சேதம் தெரிந்தது. செய்தித்தாள்களில் இது, ஜெல் நகத்தால் புற்றுநோய் என்ற தலைப்பாக மாறிவிட்டது. தட்டில் கிடக்கும் செல்லுக்கு நம் கையிலுள்ள மேல்தோலின் பாதுகாப்பு கிடையாது. வாடிக்கையாளர்களுக்கு இதனால் புற்றுநோய் கூடியதாக மக்களிடையே நடந்த ஆய்வு எதுவும் நிறுவவில்லை. 2014இல் அமெரிக்கப் பார்லர்களின் 17 விளக்குகளை அளந்தவர்கள், விளக்குக்கு விளக்கு புற ஊதா ஒளியின் அளவு பெரிதும் மாறுவதையும், ஆபத்து சிறியது என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். ஆண்டுக்கு நாலைந்து தடவை போடுபவர் அஞ்ச வேண்டியதில்லை என்பது என் கருத்து. வாரம் தவறாமல் போடுபவர், விரல்நுனி வெட்டிய கையுறை அணியட்டும் அல்லது எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனைக் கையில் தடவிக்கொள்ளட்டும். செலவும் சிரமமும் சொற்பம். முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அந்த மருந்து முடியும் வரை விளக்கடியில் கையை வைக்காமல் இருப்பது நல்லது. அம்மருந்தோடு புற ஊதா ஒளி சேர்ந்தால் நகம் சதையை விட்டுப் பிரியக்கூடும்.

விளக்கைவிட எனக்குக் கவலை தருவது ஒவ்வாமைதான். இறுகாத நிலையில் மெத்தாக்ரிலேட், அதிலும் ஹெமா என்று சுருக்கிச் சொல்லப்படும் மூலக்கூறு, தோலில் பட்டால் உடல் அதை எதிரியாகப் பதிவுசெய்துகொள்ளலாம். முதல் தடவையிலேயே தெரியாது. பத்தாவது தடவை விரல்நுனி அரிக்கும், வெடிக்கும், நகம் அடியிலிருந்து எழும்பும். சிலருக்குக் கையில் ஒன்றுமே இராமல், விரல் தொட்ட இடங்களான இமையிலும் கன்னத்திலும் கழுத்திலும் தடித்துச் சிவக்கும். கண்மையை மாற்றிப் பார்ப்பார்கள், சோப்பை மாற்றிப் பார்ப்பார்கள். நகத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் போவதில்லை.

2017இல் பிரிட்டன், அயர்லாந்தின் 13 தோல் சிகிச்சை மையங்களில் 4,931 நோயாளிகளைச் சோதித்தபோது 2.4 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மெத்தாக்ரிலேட் வகை ஒவ்வாமை இருந்தது. அவர்கள் தோல் பிரச்சினையோடு வந்தவர்கள் என்பதால் பொதுமக்களிடமும் அதே அளவு என்று கொள்ள முடியாது. ஆனால் பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் 2018இல் வெளிப்படையாக எச்சரிக்கை விட இதுவே போதுமானதாக இருந்தது. இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். பாதிப்பு நகத்தோடு முடிவதும் இல்லை. பல் அடைக்கும் வெள்ளைக் கலவை, மூட்டு மாற்று அறுவையில் எலும்போடு ஒட்டும் சிமென்ட், சர்க்கரை அளவைக் காட்டத் தோலில் ஒட்டும் சில சென்சார்களின் பசை ஆகியவற்றிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் உண்டு. இருபது வயதில் ஆசைக்குப் போட்ட ஜெல் அறுபது வயதில் முட்டி அறுவையின்போது மருத்துவருக்குச் சிக்கலாக வந்து நிற்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் விதி போட்டு, ஹெமா கலந்த நகப் பொருள்களைத் தொழில் பயின்றவர்கள் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. ஜெல்லை இறுகத் தூண்டும் டிபிஓ என்னும் பொருளை, விலங்குச் சோதனைகளில் இனப்பெருக்கத்தைப் பாதித்தது என்பதால், 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப்பொருள்களில் முற்றாகத் தடை செய்துவிட்டது. வீட்டு செட் வாங்குபவர்கள் இந்த விதிகளின் காரணத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பயிற்சியில்லாத கை ஜெல்லை நகத்தைத் தாண்டித் தோலிலும் பூசிவிடுகிறது. ஒரு கம்பெனி ஜெல்லை இன்னொரு கம்பெனி விளக்கில் வைத்தால் மேலே இறுகி, உள்ளே அரைகுறையாக நிற்கிறது. ஒவ்வாமைக்கு இந்த இரண்டுமே வாசல். ஹெமா இல்லாதது என்று எழுதியிருந்தால் மட்டும் நிம்மதி கொள்ள முடியாது, அதன் இடத்தில் வேறொரு மெத்தாக்ரிலேட் இருக்கும். வீட்டில் ஜெல் போடாதீர்கள் என்பதே என் தீர்ப்பு. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

அக்ரிலிக் நகம் பல் மருத்துவத்திலிருந்து வந்தது. 1950களில் அமெரிக்கப் பல் மருத்துவர் ஒருவர் தன் உடைந்த நகத்தைப் பல் செய்யும் அக்ரிலிக்கால் ஒட்டிக்கொண்டதில்தான் இதன் கதை தொடங்குகிறது என்பார்கள். தூளையும் திரவத்தையும் தூரிகையில் குழைத்து நகத்தின் மேல் வடிக்கிறார்கள். நல்ல உறுதி. அந்த உறுதியே தொல்லை. நீண்ட அக்ரிலிக் நகம் பஸ் கம்பியிலோ கார் கதவிலோ மோதும்போது முதலில் உடைவது அக்ரிலிக்காக இருப்பதில்லை. அது நெம்பித் தூக்குவதில் அடியிலிருக்கும் சொந்த நகம் சதையோடு பிய்ந்துவிடும். விலை குறைவு என்று சில இடங்களில் எம்எம்ஏ என்னும் மெத்தில் மெத்தாக்ரிலேட் திரவத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதை நகத்துக்கு விற்றவர்கள் மேல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1970களிலேயே நடவடிக்கை எடுத்திருக்கிறது. அடையாளம் காண்பது கடினமில்லை: மூக்கைத் துளைக்கும் நெடி, அராவ முடியாத கடினம், அசிட்டோனில் ஊற வைத்தாலும் கரையாத பிடிவாதம். அப்படியொரு நெடி வீசும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டு மூன்று நாள் விசேஷத்துக்கு எனக்கு உகந்ததாகப் படுவது, பசைத் தாளால் ஒட்டும் பிரஸ்-ஆன் நகம். அராவ வேண்டாம், விளக்கு வேண்டாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கையை ஊற வைத்தால் கழன்றுவிடும். அதையே நகப் பசையால் ஒட்டினால் கழற்றும் சிக்கல் திரும்ப வந்துவிடும். அந்தப் பசை பருத்தித் துணியில் சிந்தினால் திடீரென்று சூடேறித் தோலைப் பொசுக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் முக்கியமாக.

எந்தப் பூச்சைத் தேர்ந்தெடுத்தாலும் மெனிக்யூரில் ஒரு வேலையை வேண்டாம் என்று சொல்லுங்கள். நகத்தின் அடியோரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை, பார்லரில் க்யூட்டிகிள் என்பார்கள், நறுக்கி எடுப்பதுதான் அது. வெட்டினால் விரல் சுத்தமாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் அந்தத் தோல், ஜன்னல் கண்ணாடியைச் சுற்றி அடைத்த மக்கு போல, நக வேருக்குள் தண்ணீரும் கிருமியும் புகாமல் காக்கிறது. அது போனால் வருவது நகச்சுற்று. எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகிக்கொண்டு இரவெல்லாம் தூங்காமல் கிடந்தவர்களுக்கு அந்தக் குத்துவலி தெரியும். நாள் முழுக்கப் பாத்திரம், துணி, மாவு என்று தண்ணீரில் கை வைத்திருக்கும் பெண்களுக்கு அது மாதக்கணக்கில் ஆறாத சுற்றாக மாறுகிறது. நகம் அலையலையாக வளர்கிறது. நம் வீடுகளில் நகத்தைக் காப்பாற்ற ஆக மலிவான வழி, பாத்திரம் தேய்க்கும்போது உள்ளே பருத்தியும் மேலே ரப்பருமாகக் கையுறை போடுவது. விலையுயர்ந்த மெனிக்யூர் செய்துவிட்டு மறுநாள் பாத்திரம் தேய்க்கும் சபீனாத் தூளில் கை வைத்தால் என்ன பயன்? க்யூட்டிகிளை வெந்நீரில் குளித்த பின் துண்டால் மெல்லத் தள்ளிவிட்டு, படுக்கும் முன் துளி தேங்காயெண்ணெயோ வாஸலினோ தடவினால் போதும்.

தொற்று இன்னொரு வழியிலும் வரும். ஒட்டிய நகம் ஓரத்தில் தூக்கிக்கொண்டு, அந்த இடுக்கில் ஈரம் தங்கினால் சூடோமோனாஸ் என்னும் கிருமி குடியேறி நகம் பச்சையாகும். பச்சை தெரிந்தால் மேலே இன்னொரு பூச்சு போட்டு மறைக்கவே கூடாது. கழற்றிக் காயவைத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதே கிருமியால் 1997-98இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவொன்றில் 46 குழந்தைகளுக்குத் தொற்று பரவி, அவர்களில் 16 பேர் இறந்தார்கள். தொற்றோடு தொடர்புபடுத்தப்பட்ட செவிலியர்களில் ஒருவருக்கு நீண்ட இயற்கை நகம், இன்னொருவருக்குச் செயற்கை நகம். நோயாளிகளைத் தொடுபவர்கள் செயற்கை நகம் அணியக் கூடாது, இயற்கை நகமும் நுனியில் அரை சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வகுத்த நெறிக்குப் பின்னால் இப்படிப்பட்ட மரணங்கள் இருக்கின்றன. செவிலியர், மருத்துவ மாணவி, சமையல் தொழில் செய்பவர், கைக்குழந்தையின் தாய் ஆகியோருக்கு ஒட்டு நகம் வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கால் பெடிக்யூரில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். வெட்டும் கருவிகளை வீட்டிலிருந்தே எடுத்துப்போவது நல்லது.

பூச்சு மறைக்கும் விஷயங்களும் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மிகக் குறைந்தவர்களில் சிலருக்கு நகம் வெளிறி, நடுவில் குழிந்து கரண்டி வடிவம் கொள்ளும். ஒரே விரலில் புதிதாகத் தோன்றி அகலமாகும் கரும்பட்டை, அரிதாக, மெலனோமா என்னும் புற்றுநோயாக இருக்கலாம். வருடம் முழுக்க ஜெல் போட்டிருப்பவருக்கு இவை கண்ணில் படவே படாது. பயோட்டின் மாத்திரை நகத்தை வளர்க்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் மிகச் சிறியது. மாறாக, அது தைராய்டு, இதயம் தொடர்பான சில ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பிறழச் செய்யும் என்று எஃப்டிஏ 2017இல் எச்சரித்தது. நகம் உடைகிறது என்றால் முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள்.

நாற்காலியின் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணையும் நினைக்க வேண்டும். நமக்கு மாதம் ஒரு தடவை. அவருக்கு ஒரு நாளில் பல தடவை, காற்றோட்டமில்லாத ஏசி அறையில், அராவும் தூசிக்கும் ஆவிக்கும் நடுவில். மெல்லிய கையுறையையும் மெத்தாக்ரிலேட் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும் என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் குறைவு. கையுறையை அடிக்கடி மாற்றுவதும், வெளியே காற்றை இழுக்கும் ஃபேன் வைப்பதும் கடை முதலாளியின் பொறுப்பு. வாடிக்கையாளர் கேட்டால் அது விரைவில் நடக்கும்.

மருதாணி, சாதாரண பாலிஷ் இரண்டையும் அச்சமின்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ஜெல்லை விசேஷத்துக்கு என்று வைத்துக்கொண்டு, இடையில் சில வாரம் நகத்தை வெறுமனே விடுங்கள். அக்ரிலிக்கைத் தவிர்த்தால் நல்லது. கட்டாயம் வேண்டும் என்றால் குட்டையாக வையுங்கள். கடையில் உட்காரும் முன்பே, அசிட்டோனில் ஊறவைத்துக் கழற்றித் தருவீர்களா, க்யூட்டிகிளை வெட்டாமல் விடுவீர்களா என்று இரண்டையும் கேட்டு வாங்குங்கள். போட்ட பிறகு விரலோ இமையோ அரித்தால் அன்றே கழற்றிவிட்டுத் தோல் மருத்துவரிடம் ஒவ்வாமையைக் கண்டறியும் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். மெத்தாக்ரிலேட் ஒவ்வாமை என்று முடிவு வந்தால் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தி, பல் மருத்துவரிடமும் எலும்பு மருத்துவரிடமும் போகும்போது மறக்காமல் காட்டுங்கள்.